விளையாட்டரங்கின் பெயர்

"பார்க்கர்-கிரே யாரும்மா?" என்று என் மகள் கேட்டது ஓர் ஏப்ரல் மாத இரவில், ஆட்டம் முடிந்து நாங்கள் இருவரும் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது. வாஷிங்டனிலிருந்து போடோமாக் ஆற்றைக் கடந்தால் வரும், வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்ட்ரியாவின் ஒரே அரசுப் பொது உயர்நிலைப் பள்ளியில் அவள் படிக்கிறாள். பள்ளியின் இளையோர் கால்பந்து அணியில் இடப்பக்கம் ஆடுகிறாள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தின் முழுப்பெயர் பார்க்கர்-கிரே நினைவு விளையாட்டரங்கு. அந்தப் பெயரை ஆட்ட அட்டவணைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனாலும் ஒருமுறைகூட அதை நின்று யோசித்ததில்லை. "பணம் கொடுத்த யாராவது ஒரு பெரியவராக இருப்பார்" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தேன். அவள் அதை நம்பினாள். குழந்தையிடம் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்ன உறுத்தல் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அது என்னை விடவில்லை.

உறுத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பள்ளியின் வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊருக்குக் குடிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையில் கல்லூரி விடுதியின் தொலைக்காட்சி அறையில், அந்தப் பள்ளியைப் பற்றிய படத்தைப் பார்த்து அழுதவள் நான்.

எல்லோரும் அறிந்த கதை

டென்சல் வாஷிங்டன் நடித்து 2000-இல் வெளிவந்த 'ரிமெம்பர் தி டைட்டன்ஸ்' என்ற அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட அதன் கதையை எங்காவது கேட்டிருப்பார்கள். 1971-இல் அலெக்ஸாண்ட்ரியாவின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் இருந்த 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் டி. சி. வில்லியம்ஸ் என்ற ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். என் மகளின் பள்ளிக்கு அன்று அதுதான் பெயர். ஜார்ஜ் வாஷிங்டன், பிரான்சிஸ் ஹேமண்ட் ஆகிய மற்ற இரண்டு பள்ளிகளும் 9, 10-ஆம் வகுப்புகளுக்கானவையாக மாறின. ஹேமண்டில் பயிற்றுநராக இருந்து ஊரின் அன்பைப் பெற்றிருந்த வெள்ளையரான பில் யோஸ்ட் துணைப் பயிற்றுநரானார், கறுப்பினத்தவரான ஹெர்மன் பூன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநரானார். ஆகஸ்டில் பையன்களைப் பேருந்தில் ஏற்றிக் கெட்டிஸ்பர்க் கல்லூரிக்குப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார்கள். சண்டையோடு போனவர்கள் நண்பர்களாகத் திரும்பினார்கள். அந்தப் பருவத்தில் ஆடிய 13 ஆட்டங்களையும் டைட்டன்ஸ் என்ற அந்த அணி வென்றது.

இவ்வளவும் உண்மை. ஆனால் ஆட்டங்களின் கணக்கைத் தனியே எடுத்துப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த 13 ஆட்டங்களில் ஒன்பதில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. டிசம்பரில் ரோனோக்கில் நடந்த மாநில இறுதியாட்டத்தில் வர்ஜீனியாவின் சேலம் நகரிலிருந்த ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27-0 என்று வென்றார்கள். எதிரணி பந்தோடு முன்னேறிய மொத்தத் தொலைவு சுழியத்துக்கும் கீழே, ஐந்து கெஜம் பின்னோக்கி இருந்தது. உண்மையில் அவர்கள் திணறியது பருவத்தின் நடுவில் மார்ஷல் பள்ளியோடு ஆடி 21-16 என்று தப்பித்த ஒரே ஆட்டத்தில்தான். படத்தில் அந்த மார்ஷல் அணியே இறுதியாட்டத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. படத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது தோற்றுவிடுவார்களோ என்ற அச்சத்தோடு ஆடும் ஓர் அணியை. நிஜத்தில் இருந்ததோ, ஒரு நகரத்தின் மூத்த மாணவர்கள் எல்லோரிலிருந்தும் பொறுக்கி எடுக்கப்பட்ட அணி. பக்கத்து ஊர்ப் பள்ளிகளிடம் அத்தனை பேர் கிடையாது. அந்தப் பையன்களின் உழைப்பைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. அணித்தலைவர்களில் ஒருவரான ஜெர்ரி பெர்டியர் பருவம் முடிந்து விருந்துக்குப் போய்த் திரும்பிய இரவில் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி குண்டெறிதலில் பதக்கங்கள் வென்றார். இன்னொரு கார் மோதி 1981-இல் இறந்தார். அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது படம் பார்த்த அன்றைவிட அதிகம் கலங்கினேன். ஆனால் வெற்றி எப்படி வந்தது என்பதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் ஒன்றாகவும், நடந்தது வேறாகவும் இருக்கிறது. ஒன்றுபட்டதால் வென்றார்கள் என்று சொல்கிறோம். பள்ளிகள் இணைக்கப்பட்டதால் ஊரின் திறமை முழுவதும் ஓரிடத்தில் குவிந்தது என்பதும் அதே அளவு உண்மை.

இணைப்பு என்பது ஏதோ ஒன்றைக் கலைத்துத்தான் நடக்கும் என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவில்லை.

பெயருக்கு உரியவர்

நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது பள்ளியின் பெயர் மாறி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. 2020 நவம்பரில் நகரக் கல்வி வாரியம் பழைய பெயரை நீக்க ஒருமனதாக முடிவெடுத்தது. 2021 ஜூலை முதல் நாளிலிருந்து அது அலெக்ஸாண்ட்ரியா நகர உயர்நிலைப் பள்ளி. டைட்டன்ஸ் என்ற அணிப்பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அப்போது எனக்கு அந்த மாற்றத்தில் வருத்தமே இருந்தது. ஒரு மோசமான மனிதரின் பெயரை 1971-ஆம் ஆண்டுப் பையன்கள் தங்கள் வியர்வையால் கழுவி வேறொன்றாக மாற்றிவிட்டார்கள், இனி அது அவர்களுடைய பெயர், அதை ஏன் எடுக்க வேண்டும் என்று வீட்டில் வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தில் ஓர் அழகு இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த அழகில் மயங்கி, அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

தாமஸ் சேம்ப்லிஸ் வில்லியம்ஸ் 1930-களிலிருந்து 1963 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அலெக்ஸாண்ட்ரியாவின் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்த பிறகும் இவ்வூரில் ஒரு கறுப்பினக் குழந்தைகூட வெள்ளையர் பள்ளிக்குள் நுழைய முடியவில்லை. நீதிமன்ற ஆணையின்பேரில் ஒன்பது குழந்தைகள் மூன்று பள்ளிகளுக்குள் அடியெடுத்து வைத்தது 1959 பிப்ரவரி 10-ஆம் நாள். அதற்கு முந்தைய ஆண்டில், தன் பிள்ளைகளுக்காக அந்த வழக்கில் சேர்ந்த பிளாய்ஸ் ஹண்ட்லி என்ற பெண்மணியை வில்லியம்ஸ் வேலையைவிட்டு நீக்கினார். அவர் ஒரு பள்ளி உணவகத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர். ஊராரின் கண்டனத்துக்குப் பிறகு வேலையைத் திருப்பித் தர முன்வந்தபோது அவர் அதை ஏற்கவில்லை.

இந்தச் சமையல்காரப் பெண்மணியைப் பற்றிப் படித்த அன்று என் வாதம் உடைந்தது. ஒரு பெயரைக் கழுவ முடியுமா என்ற கேள்வியை நான் விளையாட்டு வீரர்களின் பக்கமிருந்து மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சோற்றுப் பானைக்கு முன்னால் நின்று வேலையை இழந்த ஒரு தாயின் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரை மார்பில் தாங்கிய சட்டையோடு ஓட வேண்டியிருந்தது என்பதை அவ்வளவு காலம் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளி

கேள்வி கேட்டதற்கு அடுத்த வாரமும் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தது. என் பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பின மூதாட்டி, பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் குளிர் இறங்கிவிட, கொண்டுவந்திருந்த போர்வையின் ஒரு பாதியை என் மடியில் போட்டார். பேச்சுவாக்கில், இந்த அரங்குக்குப் பெயர் தந்த பார்க்கர்-கிரே யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, அது ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்றார். பிறகு சற்று நிறுத்தி, "அது எங்கள் பள்ளி" என்றார்.

அவர் அங்கே படித்து 1964-இல் வெளியேறியவர். அன்று மாலை அவர் சொன்னதில் பெரும்பகுதி சிறு சிறு செய்திகள்: வாத்தியக் குழுவில் எந்த இசைக்கருவி யாருக்குக் கிடைத்தது, எந்த ஆசிரியை யாருடைய வீட்டுக்குப் போய்ப் பேசினார் என்பது போன்றவை. எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது வேறொன்று. அவர் பேசும்போது, எதிரே நிற்கும் இந்தப் பெரிய பள்ளியை ஒவ்வொரு முறையும் 'அந்தப் பள்ளி' என்றே குறிப்பிட்டார். அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள், பேத்தியும் அங்கேதான் ஆடுகிறாள். இருந்தாலும் அவருக்கு அது 'அந்தப் பள்ளி'. ஐம்பது கெஜத்துக்கு அப்பால் கண்முன்னே நிற்பதை விலக்கியும், இல்லாமல் போனதை அருகிலும் வைத்துப் பேசிய அந்தச் சுட்டுச்சொல்லைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்னோடன் என்ற ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் ஜான் பார்க்கர். ஹாலோவெல் என்ற பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை சாரா கிரே. கறுப்பினக் குழந்தைகளுக்கான அந்த இரண்டு பள்ளிகளுக்கும் மாற்றாக 1920-இல் தொடங்கிய புதிய பள்ளிக்கு இவர்கள் இருவரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். அது தொடக்கப் பள்ளியாகவே தொடங்கியது. ஏனென்றால் அன்றைய அலெக்ஸாண்ட்ரியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே கிடையாது. பிற்காலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞரான சாமுவேல் டக்கர் சிறுவனாக இருந்தபோது உயர்நிலைக் கல்விக்காக ஆற்றைக் கடந்து வாஷிங்டனுக்குப் போய்வந்தார். அவர்தான் 1939 ஆகஸ்டில் ஐந்து இளைஞர்களை நகர நூலகத்துக்கு அனுப்பி, உறுப்பினர் அட்டை கேட்கச் செய்தவர். அட்டை மறுக்கப்பட்டதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து மேசையில் அமர்ந்து அமைதியாகப் படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. நகரம் அதற்குப் பதிலாக 1940-இல் கறுப்பினத்தவருக்கென்று தனியே ஒரு சிறு நூலகம் கட்டியது. இன்று அது கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். 1930-களில் பார்க்கர்-கிரேயில் உயர்நிலை வகுப்புகள் வந்தன என்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஊரின் நீண்ட போராட்டம் இருக்கிறது.

விளையாட்டுக்கு வருகிறேன். பார்க்கர்-கிரேயின் அணிகளுக்குப் புல்டாக்ஸ் என்று பெயர். சில கிலோமீட்டரில் இருந்த வெள்ளையர் பள்ளிகளோடு அவர்கள் ஆட முடியாது. வர்ஜீனியாவின் கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனிப் போட்டி அமைப்பு இருந்தது, அது 1969-இல்தான் பொது அமைப்போடு இணைந்தது. அந்தப் புல்டாக்ஸில் கூடைப்பந்து ஆடி 1946-இல் பள்ளிப் படிப்பை முடித்தவர் ஏர்ல் லாயிட். 1950 அக்டோபர் 31-ஆம் நாள் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்காக அவர் களமிறங்கியபோது என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியின் ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். 1955-இல் சிரக்யூஸ் அணியோடு சாம்பியன் பட்டமும் வென்றார். அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் ஒரு கதவைத் திறந்த மனிதர் இந்த ஊர்ப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருக்கிறார். நான் கல்லூரி விடுதியில் அழுது பார்த்த கதையோ 1971-இல்தான் தொடங்குகிறது. அதற்கு இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரின் பெயரை உயர்த்திய ஓர் அணி இருந்தது என்பதைப் பக்கத்து இருக்கைப் பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1965-இல் டி. சி. வில்லியம்ஸ் பள்ளி திறந்தது. அதே ஆண்டில் பார்க்கர்-கிரே உயர்நிலைப் பள்ளியாக இருப்பது முடிவுக்கு வந்து நடுநிலைப் பள்ளியானது. பிறகு அதுவும் மூடப்பட்டது. இன ஒருங்கிணைப்பு வேண்டும் என்று வழக்காடியவர்கள் கேட்டது தங்கள் பிள்ளைகளுக்கு எல்லாப் பள்ளிகளின் கதவும் திறக்க வேண்டும் என்பதை. தங்கள் பள்ளியின் கதவு மூடப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் தெற்கு மாநிலங்கள் முழுவதும் ஒருங்கிணைப்பு இந்த வடிவத்தில்தான் பெரும்பாலும் நடந்தது: கறுப்பினப் பள்ளி மறையும், அதன் பெயரும் நிறமும் அணியும் மறையும், அதன் தலைமையாசிரியர்களும் பயிற்றுநர்களும் பதவி இறங்குவார்கள் அல்லது வேலை இழப்பார்கள். ஹெர்மன் பூனின் சொந்தக் கதையே இதற்குச் சான்று. வட கரோலினாவின் வில்லியம்ஸ்டனில் ஒரு கறுப்பினப் பள்ளியின் பயிற்றுநராக 99 வெற்றியும் 8 தோல்வியுமாக அவர் கொடிகட்டிப் பறந்தவர். 1969-இல் அங்கே பள்ளிகள் இணைந்தபோது தலைமைப் பயிற்றுநர் பதவி அவருக்குக் கிடைக்காது என்று சொல்லப்பட்டது. துணைப் பயிற்றுநராக அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வந்தார். யோஸ்டுக்குக் கிடைக்க வேண்டிய இடம் பூனுக்குப் போனதை எண்ணி நான் அன்று வருந்தினேன். அதே இழப்பைப் பூன் ஏற்கெனவே ஒருமுறை பட்டுவிட்டுத்தான் வந்தார் என்பது அன்று என் மனத்தில் பதியவே இல்லை.

வெளிச்சம்

இனி, எனக்கு இன்னும் தீராமல் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நான் மகளின் ஆட்டங்களைப் பார்க்க முடிவதற்கே காரணம் அரங்கின் விளக்குகள். வேலை முடிந்து ரயிலைப் பிடித்து வருவதற்குள் ஆறரை ஆகிவிடும். பகலில் மட்டும் ஆட்டங்கள் நடந்திருந்தால் அவள் பந்தை உதைப்பதை நான் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் அந்த விளக்குகள் வந்து வெகுகாலம் ஆகவில்லை. இங்கே பல பத்தாண்டுகளுக்கு இரவு ஆட்டம் கிடையாது. மற்ற பள்ளிகள் வெள்ளி இரவில் ஆடும்போது டைட்டன்ஸ் தங்கள் அமெரிக்கக் கால்பந்தைச் சனிக்கிழமைப் பகலில் ஆடினார்கள். காரணம், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகள்.

1960-களின் தொடக்கத்தில் பள்ளிக்காக நகரம் கையகப்படுத்திய நிலம் வெற்று நிலம் அன்று. அருகிலிருக்கும் இறையியல் கல்லூரியிலும் தனியார் பள்ளியிலும் வேலை பார்த்த கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வீடு கட்டி வாழ்ந்திருந்தன. அவர்களுடைய நிலம் எடுக்கப்பட்டது. பக்கத்திலேயே சிறிய மனைகளில் புதிய வீடுகளுக்கு மாறினார்கள். மைதானத்தில் விளக்கு வராது என்று அப்போது தங்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டதாக அந்தக் குடும்பங்கள் தொடர்ந்து சொல்லிவந்தன. பின்னாளில் பள்ளிக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட 2004-இல் தந்த அனுமதியிலும் மைதானத்தில் நிரந்தர விளக்குகள் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பிறகு அது மாற்றப்பட்டது, வழக்கும் நடந்தது, விளக்குக் கம்பங்கள் எழுந்தன.

கறுப்பினக் குடும்பங்களின் நிலத்தில், பிரிவினையைக் காத்த ஒருவரின் பெயரில் ஒரு பள்ளியைக் கட்டி, அதற்காக மூடிய கறுப்பினப் பள்ளியின் பெயரை அதன் விளையாட்டரங்குக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அது மரியாதைதான். 2007-இல் புதிய கட்டடத்தின் கூடைப்பந்துக் களத்துக்கு ஏர்ல் லாயிட்டின் பெயரைச் சூட்டியதும் மரியாதைதான். ஆனால் அட்டவணையில் அச்சிட்ட ஒரு பெயரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துவிட்டு யாரோ ஒரு கொடையாளர் என்று எண்ணிக் கடந்துபோவார்கள் என்றால் அந்த மரியாதை பாதியில் நிற்கிறது. உலகத்தின் எத்தனையோ நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். எங்களைப் போல் வந்தவர்களுக்கு இந்த ஊரின் நினைவு பாட்டி தாத்தா வழியாகக் கிடைக்காது. பள்ளிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு ஒலிபெருக்கியில் அரை நிமிடம் ஒதுக்கி அந்த இருவர் யார் என்று சொன்னால்கூடப் போதும் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். குறித்துக்கொண்டார்கள். மறுபடியும் கேட்பேன்.

விளக்குகளைப் பற்றி என்ன நினைப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு மாலையில் ஆட இடம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2016-இல் இதே பள்ளியில் படிப்பை முடித்த நோவா லைல்ஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.784 விநாடியில் ஓடி, நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றதை நானும் மகளும் சோபாவின் விளிம்பில் அமர்ந்து பார்த்துக் கத்தினோம். அப்படிப்பட்ட பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்திடம் நிலத்தையும் வாங்கி, அதற்கு ஈடாக அவர்கள் எதிர்பார்த்த இருட்டையும் வாங்குவது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வெளிச்சத்தில் மிகவும் பயன்பெற்றவள் நான் என்பதால் இதைச் சொல்லும் பொறுப்பும் எனக்கு இருக்கிறது.

சென்ற பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த இரவில் மகளும் நானும் வழக்கமான பாதையை விட்டு, வேலியோரத் தெரு வழியாக நடந்தோம். சிறிய வீடுகள். சில சன்னல்களில் கெட்டித் திரைகள். தெருக்கோடியை அடைந்தபோது பின்னால் விளக்குகள் அணைந்தன. கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. இருட்டில் நின்றபடி அவளிடம், ஓராண்டுக்கு முன் நான் சொன்னது தவறு என்றேன். ஜான் பார்க்கர் பையன்களுக்கான பள்ளியின் தலைமையாசிரியர், சாரா கிரே பெண் பிள்ளைகளுக்கான பள்ளியின் தலைமையாசிரியை என்று சொல்லத் தொடங்கினேன். கார் நிறுத்தியிருந்த இடத்தைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தோம். அவள் ஏர்ல் லாயிட்டின் உயரம் எவ்வளவு என்று கேட்டாள்.